மெக்பிரைடு மின்னஞ்சல் விவகாரம்

பிரிட்டனில் கோர்டன் பிரவுன் பிரதமராக இருந்தபோது, 2009 ஏப்ரலில் வெடித்த அவதூறு விவகாரம். அவருடைய சிறப்பு ஆலோசகர் டேமியன் மெக்பிரைடு, அதே ஆண்டு ஜனவரியில், பிரதமர் அலுவலக முகவரியிலிருந்தே தொழிற்கட்சிக்காரர் டெரெக் டிரேப்பருக்குச் சில மின்னஞ்சல்கள் அனுப்பினார். டேவிட் கேமரன், ஜார்ஜ் ஆஸ்போர்ன் முதலிய கன்சர்வேடிவ் தலைவர்களின் அந்தரங்கம் குறித்த ஆதாரமற்ற கதைகள் அவற்றில் இருந்தன. 'ரெட் ராக்' என்ற புதிய வலைப்பூவில் அவற்றை உலவவிடுவது திட்டம். கதைகள் அங்கே ஏறவில்லை. மின்னஞ்சல்கள்தான் எதிர்முகாம் பதிவர் பால் ஸ்டெய்ன்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 2004 முதல் அவர் எழுதிவந்த புனைபெயர் 'கைடோ ஃபாக்ஸ்'; 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்ற சதிகாரரின் பெயர் அது. குறும்பான தேர்வுதான்.

ஏப்ரல் 11இல் மெக்பிரைடு பதவி விலகினார். மறுநாள் ஞாயிறு இதழ்கள் விவரங்களை அச்சிட்டன. முதலில் கடிதத்தில் வருத்தம் மட்டும் தெரிவித்த பிரவுன், 16ஆம் தேதிதான் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 'லேபர்லிஸ்ட்' தளத்தின் ஆசிரியர் பொறுப்பை டிரேப்பர் மே மாதம் துறந்தார். சொந்தக் கட்சி அமைச்சர்களைப் பற்றியும் செய்தி கசியவிட்டதை மெக்பிரைடு 2013இல் வெளியான தம் நினைவுக்குறிப்பு நூலில் ஒப்புக்கொண்டார்.