மொஃபோங்கோ பிறந்த கதை

1859-இல் போர்ட்டோ ரிக்கோ தீவின் முதல் சமையல் புத்தகம் அச்சாகி வந்தது. 'எல் கொசினேரோ புவெர்ட்டோ ரிக்கேன்யோ' என்று பெயர். அதில் மொஃபோங்கோ என்ற பண்டத்துக்குக் குறிப்பு இருக்கிறது. பச்சை வாழைக்காயை இறைச்சியோடு வேகவைத்து, பூண்டும் கொழுப்பும் சேர்த்து இடித்து, உருண்டை பிடித்து, வெந்த சாற்றோடு சாப்பிட வேண்டியது. உணவு வரலாறு எழுதுகிறவர்கள் மொஃபோங்கோவின் பிறப்புச் சான்றிதழ் போல இந்தப் புத்தகத்தைக் காட்டுவார்கள். அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1873-இல்தான். புத்தகம் அச்சேறிய நாளில் அங்கே உலக்கை பிடித்த கைகளில் சில, சட்டப்படி இன்னொருவரின் சொத்து. அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர் குறித்துக்கொண்டது ஏற்கெனவே ஊர் முழுக்க இடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒன்றை.

கொலம்பஸ் வந்து இறங்கியபோது கரீபியத் தீவுகளில் வாழையே கிடையாது. நியூ கினியிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பயிருக்கு வந்த மரம் அது. அங்கிருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போனது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காட்டு மக்கள் சமைத்துச் சாப்பிடும் பெரிய வாழையை எத்தனையோ வகையாகப் பெருக்கினார்கள். கேனரித் தீவுகளிலிருந்து 1516-இல் தொமாஸ் தெ பெர்லாங்கா என்ற டொமினிக்கன் சபைத் துறவி சாண்டோ டொமிங்கோவுக்கு வாழைக்கன்று கொண்டுவந்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஒவியேதோ எழுதியிருக்கிறார். (இதே பெர்லாங்கா பின்னால் பனாமாவின் பிஷப் ஆகி, 1535-இல் பெருவுக்குக் கப்பலேறினார். வழியில் காற்று நின்றுபோய், நீரோட்டம் இழுத்த இழுப்பில் கலாபகோஸ் தீவுகளில் போய் நின்றார். எங்கே போனாலும் எதையாவது தொடங்கி வைக்கிற ராசி.)

கன்று வந்த சில பத்தாண்டுகளிலேயே தீவு தீவாகப் பரவியது. விதை வேண்டாம், தாய்மரத்தடிக் கன்றைப் பெயர்த்து நட்டால் போதும், ஓராண்டை ஒட்டிக் குலை தள்ளும், வருஷம் முழுக்கக் காய் கிடைக்கும். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு இது வசதியாகப் போயிற்று. கூலியில்லாத ஆட்களுக்குப் போடும் சோற்றிலும் மிச்சம் பிடிக்கலாமே! வேலை முடிந்த நேரத்தில் அடிமைகள் தங்களுக்கென்று பயிரிட்ட சிறு துண்டு நிலங்களிலும் வாழை நின்றது.

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களுக்கு இந்தக் காயை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வாழைக்காயையோ கிழங்கையோ வேகவைத்து உரலில் இடித்துக் களியாக்கி, குழம்பில் தோய்த்து விழுங்கும் ஃபூஃபூ அவர்கள் ஊர்ச் சாப்பாடு. ஆனால் ஃபூஃபூவில் உப்புகூட இருக்காது. ருசியெல்லாம் குழம்பில். மொஃபோங்கோவில் அது தலைகீழ்; ருசி உருண்டைக்குள்ளேயே இருக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்தவை ஸ்பானியர் கொண்டுவந்த பூண்டும் பன்றியும். 1493-இல் கொலம்பஸ் இரண்டாம் முறை வந்தபோது இறக்கிய பன்றிகள் காட்டிலும் மேட்டிலும் பெருகின. நல்ல கறி எசமான் வீட்டுக்குப் போனால் தோலும் கொழுப்பும் உழைக்கிறவன் அடுப்புக்கு வந்து சேரும். அந்தக் கொழுப்பு இடிக்கும்போதே உரலுக்குள் இறங்கியது. மொஃபோங்கோ பிறந்த இடம் எது என்று கேட்டால், அந்த உரல்தான் என்பேன்.

1859-இன் குறிப்பில் காய் வேகிறது. இன்று போர்ட்டோ ரிக்கோவில் பெரும்பாலும் பொரிக்கிறார்கள். கியூபாவின் ஃபூஃபூவும், டொமினிக்கன் குடியரசில் காலைச் சாப்பாடாக வினிகர் வெங்காயத்தோடு வரும் மங்கூவும் இன்னமும் வேகவைத்து மசித்தவையே. பொரியலுக்கு மாறியதால்தான் மொஃபோங்கோ தன் உறவுக்காரர்களிடமிருந்து தனித்து நின்றது.

செய்முறையில் அவசரம் கூடாது. தோல் கரும்பச்சையாக இருக்க வேண்டும். லேசாக மஞ்சள் தட்டினாலும் இனிப்பு ஏறிவிடும். இரு முனையையும் வெட்டி, வரப்புகளின் மேல் கத்தியால் கீறி, உப்புத் தண்ணீரில் சற்று ஊறவிட்டால் தோல் கழன்று வரும், கறையும் கையில் குறைவாக ஒட்டும். ஓர் அங்குலத் துண்டுகளாக்கி மிதமான சூட்டில் உள்வரை வேகும்படி பொரிக்க வேண்டும். மொறுமொறுப்பு இங்கே வேண்டாத குணம். மர உரலை அங்கே 'பிலோன்' என்பார்கள். அதில் முதலில் பூண்டும் உப்பும் நசுங்க வேண்டும். பிறகு ஆலிவ் எண்ணெய், சிச்சரோன் எனப்படும் பன்றித்தோல் வறுவல், கடைசியில் சூடான வாழைக்காய். சூட்டோடு இடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறினால் மாவுச்சத்து இறுகிக் கல்லாகிவிடும். அப்புறம் எத்தனை குத்து குத்தினாலும் சேராது. இடித்த உருண்டை கொஞ்சம் வறண்டுதான் இருக்கும்; கூடவே கோழிச்சாறு வைப்பது அதற்காகத்தான். நடுவில் குழித்து இறால் கறி நிரப்பித் தருவது பின்னால் வந்த ஆடம்பரம். நான் சாற்றின் கட்சி.

தோல் கறுத்துப் பழுத்த காய்க்கு வேறு வேலை. அதைச் சாய்வாக நறுக்கிப் பொரித்தால் 'அமரியோஸ்'. நீளவாக்கில் சீவி, கொத்துக்கறியோடு அடுக்கிச் சுட்டால் 'பாஸ்தெலோன்'. பச்சை, பழுத்தது, மரவள்ளி மூன்றையும் ஒரே உரலில் இடித்து 'ட்ரிஃபோங்கோ' என்பவர்களும் உண்டு.

அடிமையின் வயிற்றை நிரப்ப வந்த காய் பின்னாளில் நாட்டின் அடையாளமே ஆனது. 1905-இல் ரமோன் ஃப்ராதே வரைந்த 'எல் பான் நுவெஸ்த்ரோ' ஓவியத்தில் வெறுங்காலோடு நிற்கும் கிழ விவசாயி இரு கையாலும் ஏந்தியிருப்பது ஒரு வாழைக்குலை. தன்னை அசல் போர்ட்டோ ரிக்கோக்காரன் என்று காட்ட விரும்புகிறவர், தன் மேல் வாழைக்கறை இருக்கிறது என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: கரீபியன் வாழையும் நம் நேந்திரனும் ஒரே வாழைக் கூட்டம். குமரிப் பக்கம் ஏத்தன் என்பார்கள். கறிக்கு வாங்கும் மொந்தன் வேறு இனம், அதை வாங்காதீர்கள். சிச்சரோன் வேண்டாதவர்கள் விட்டுவிடலாம். பூண்டைக் குறைக்காதீர்கள், துண்டுகளை ஆறவிடாதீர்கள்.