எமுலேட்டர் (வீடியோ கேம்)

ஒரு கேம் கன்சோலின் வன்பொருள் செய்யும் வேலையை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ செய்யும் மென்பொருள். பிளேஸ்டேஷனுக்காக எழுதிய விளையாட்டு, தான் பிளேஸ்டேஷனில்தான் ஓடுகிறோம் என்று நம்பும்படி ப்ராசஸர், கிராஃபிக்ஸ் சிப் எல்லாவற்றையும் அது பாவனை செய்யும். விளையாட்டு தனியாக வர வேண்டும்: சிடியாகவோ, கார்ட்ரிட்ஜிலிருந்து நகலெடுத்த 'ரோம்' கோப்பாகவோ. எமுலேட்டர் வேறு, ரோம் வேறு. இந்த வேறுபாட்டை மறந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

1999 ஜனவரியில் இரண்டு எமுலேட்டர்கள் அடுத்தடுத்து வந்தன. நின்டெண்டோ 64-க்கான 'அல்ட்ராஹெச்எல்இ'யை எழுதியவர்களே சீக்கிரம் விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் நகல்கள் ஊரெல்லாம் பரவிவிட்டன. மற்றொன்று, கனெக்டிக்ஸ் நிறுவனம் 49 டாலருக்கு விற்ற 'விர்ச்சுவல் கேம் ஸ்டேஷன்'. பிளேஸ்டேஷன் சிடிகளை மேக் கணினியில் ஓடவைத்த இதை ஸ்டீவ் ஜாப்ஸே மேக்வேர்ல்டு மேடையில் காட்டினார். அந்த மாதமே பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி வழக்குத் தொடுத்தது.

கனெக்டிக்ஸ் பொறியாளர்கள் கடையில் பிளேஸ்டேஷன் வாங்கி, அதன் சிப்பிலிருந்த 'பயாஸ்' என்னும் அடிப்படை நிரலை எடுத்துத் தங்கள் கணினியில் ஏற்றி, அது எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து, அதே வேலையைச் செய்யும் சொந்த நிரலை எழுதினார்கள். விற்ற பொருளில் சோனியின் வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆய்வின்போது பலமுறை நகலெடுத்தார்கள். அதைக் காட்டிக் கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கி, ஆய்வுக்காக எடுத்த இடைநகல்கள் நியாயமான பயன்பாடே என்றது. சோனிக்கு விற்பனை குறையலாம். அதற்காகத் தன் விளையாட்டுகளை ஓட்டும் கருவிகள் எல்லாவற்றின் மீதும் பதிப்புரிமைச் சட்டம் அதற்கு ஏகபோகம் தந்துவிடவில்லை.

வென்றும் பயனில்லை. 2001-இல் அந்த மென்பொருளைச் சோனியே வாங்கி நிறுத்திவிட்டது. இன்னொரு பிளேஸ்டேஷன் எமுலேட்டரை விற்றுச் சோனியோடு மல்லுக்கட்டிய 'பிளீம்' நிறுவனமும் அதே ஆண்டு மூடப்பட்டது. 2018-இல் வந்த 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' பெட்டிக்குள் சோனி வைத்தது, ஆர்வலர்கள் எழுதிய திறமூல எமுலேட்டர் ஒன்றை!

ரோம் கோப்புகளை விநியோகிக்கும் தளங்களுக்குக் கனெக்டிக்ஸ் தீர்ப்பு எந்தக் காலத்திலும் கைகொடுத்ததில்லை. அடுத்தவர் விளையாட்டை அப்படியே விநியோகிப்பது அப்பட்டமான திருட்டு. 2018-இல் 'லவ்ரோம்ஸ்' நடத்தியவர்கள் நின்டெண்டோவுக்கு 1.2 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்று தீர்ப்பானது.

பிற்காலக் கன்சோல்களில் விளையாட்டுகள் குறியாக்கம் செய்து பூட்டப்பட்டே வருகின்றன. பூட்டை உடைப்பதையும், உடைக்கும் கருவியை விநியோகிப்பதையும் அமெரிக்காவில் 1998-இன் டிஎம்சிஏ சட்டம் தடை செய்கிறது. ஆகவே சிக்கல் நிரலை நகலெடுப்பதிலிருந்து பூட்டுக்கு இடம் மாறியது. நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கான எமுலேட்டர் 'யூசு', மறைகுறிச் சாவிகளைத் தன்னுடன் தரவில்லை. பயனர்தான் தன் கன்சோலிலிருந்து எடுத்துத் தர வேண்டும். ஓடும்போதே பூட்டைத் திறக்கிறதே, அது போதாதா என்று 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ வழக்குப் போட்டது. 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' விளையாட்டு வெளியாகும் முன்பே 10 லட்சம் முறைக்கு மேல் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கப்பட்டதையும் மனுவில் சேர்த்தது. ஒரே வாரத்தில் யூசு தரப்பு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் 'ரியூஜின்க்ஸ்' எமுலேட்டரும் நின்டெண்டோ பேசிய பின் நிறுத்தப்பட்டது. யூசு சமரசத்தில் முடிந்ததால், சொந்தமாக வாங்கிய விளையாட்டின் பூட்டைத் திறக்கும் எமுலேட்டர் சட்டவிரோதமா என்ற கேள்விக்கு அந்த வழக்கில் விசாரணையே நடக்கவில்லை.