தராசில் ஏறாத சுமை

கழுதைகளுக்காக ஒருவர் தமது வாழ்நாளில் 40 ஆண்டுகளைச் செலவிட்டார் என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரக்கூடும். நமது மொழியில் கழுதை ஒரு வசைச்சொல். ஆயினும் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் வாழ்ந்த எலிசபெத் ஸ்வெண்ட்சென் அம்மையாரின் கதையை மலையகத்தவர் சற்று நின்று கேட்பது நல்லது. அது சுமையைப் பற்றிய கதை.

விடுதியொன்றை நடத்திவந்த அவர் 1969 இல் ஒரு கழுதையை வாங்கினார். பின்னர் எக்ஸெட்டர் சந்தையில் ஒரே பட்டிக்குள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்த கழுதைகளைக் கண்டபோது தமது பணி எதுவென்று முடிவு செய்தார். 1974 இல் ஒரு மூதாட்டியின் மரண சாசனத்தின் வழியாக 204 கழுதைகள் ஒரே நேரத்தில் அவர் பொறுப்பில் வந்தன. விடுதி கைமாறியது; சிட்மத் அருகே ஒரு பண்ணை கழுதைகள் சரணாலயமாயிற்று. வெளிநாடுகளில் உழைக்கும் கழுதைகளுக்கென 1976 இல் இன்னொரு நிறுவனத்தையும் தொடங்கினார். 2011 இல் அவர் காலமானார்.

இரக்கம் மட்டும் இருந்திருந்தால் அவர் பெயர் நிலைத்திராது. அவர் ஆராய்ச்சியை நாடினார். மிருக வைத்தியர்களுக்கான கைநூலொன்றை 1986 இல் வெளிக்கொணர்ந்தார். கழுதையைச் சிறிய குதிரையாகக் கருதி மருந்து கொடுப்பது தவறு என்பது இத்துறையினர் வலியுறுத்திய உண்மை. சில மருந்துகளைக் கழுதையின் உடல் குதிரையை விட விரைவாக வெளியேற்றிவிடும். நோவையும் அது எளிதில் வெளிக்காட்டாது. 'பொறுமைசாலி' என்று நாம் பாராட்டும் விலங்கு பல வேளைகளில் நோயாளியாகவே நின்றுகொண்டிருக்கிறது. கழுதைச் சவாரிக்கு ஏறுபவரின் எடை ஏறத்தாழ 50 கிலோவுக்கு மேற்படலாகாது என்ற வரையறையும் அந்தச் சரணாலயத்தினுடையது.

பிளக்பூல் கடற்கரையில் சவாரிக்கு விடப்படும் கழுதைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணிநேர மதிய ஓய்வும் வாரத்தில் ஒருநாள் விடுமுறையும் உண்டு. அந்த நகரசபையின் 1942 ஆம் ஆண்டு விதி அது.

இனி நமது மலைக்கு வருவோம்.

கண்டி இராச்சிய காலத்தில் மலைநாட்டின் சுமையைத் 'தவளம்' எனப்பட்ட பொதிமாட்டு அணிகளே தாங்கின. கரையோரத்து உப்பும் கருவாடும் மேலே ஏறின. மலைநாட்டுப் பாக்கு கீழே இறங்கியது. இதற்கென 'மடிகே பத்த' என்ற அரச பிரிவே இருந்தது. முஸ்லிம்கள் அதில் பெரும்பங்கு வகித்தனர். கோப்பிக் காலத்தில் மாட்டுக் கரத்தைகள் வந்தன. 1867 இல் கண்டிக்கும் 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் வந்தபின் நெடுவழிக் கரத்தைகளின் காலம் முடிந்தது.

ஆனால் தோட்டத்தின் உள்ளே, செங்குத்தான மலையிலிருந்து கொழுந்து மடுவம் வரையிலான அந்தத் தூரத்துக்குப் புகையிரதம் வரவில்லை. அங்கே கொழுந்தைச் சுமந்தது பெண்ணின் முதுகு. கூடையின் கயிறு அவள் தலையில். அவளுடைய முன்னோர் பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர்.

அவர்கள் இறங்கிய அதே மன்னாரில்தான் இத்தீவின் கழுதைகளும் வாழ்கின்றன. அராபிய வணிகர்களுடன் வந்தவை எனச் சொல்லப்படும் அவை ஒருகாலத்தில் பொதி சுமந்தன. லொறிகள் வந்தபின் வேலையிழந்த அவற்றின் வழித்தோன்றல்கள் வீதிகளில் அலைகின்றன, வாகனங்களில் அடிபடுகின்றன, குப்பையில் பிளாஸ்டிக்கைத் தின்கின்றன. 'பிரிட்ஜிங் லங்கா' என்ற தொண்டு நிறுவனம் மன்னாரில் கழுதைகளுக்கெனச் சிகிச்சை நிலையமொன்றை அமைத்தது. உழைத்து ஓய்ந்த உயிருக்கு ஒரு கடமை உண்டு என்பதை நம் மண்ணில் சிலராவது உணர்ந்தனர்.

இங்கே இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1907 இல் இலங்கையில் மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது. விலங்கை அளவு மீறி ஓட்டுவதும் அடிப்பதும் குற்றமாயின. அதே காலத்தில் 1865 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும் நடைமுறையில் இருந்தது. அதன்படி முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளியைச் சிறையில் அடைக்கலாம். இத்தகைய தண்டனைகள் 1920களின் தொடக்கத்தில்தான் நீங்கின. மாட்டை வதைத்தவன் குற்றவாளி. வதை தாளாமல் ஓடிய மனிதனும் குற்றவாளி. ஒரே அரசு, ஒரே தீவு.

மிருகங்களுக்குக் கிடைத்த இரக்கத்தைக் குறைத்துப் பேசுவது எமது நோக்கமன்று. இரக்கம் பங்கிட்டால் குறைந்துபோகும் பண்டமும் அன்று. கேள்வி தராசைப் பற்றியது. மடுவத்தில் தொங்கும் தராசு கொழுந்தை நிறுக்கிறது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கிறது. அதைச் சுமந்து வந்தவளின் முதுகெலும்பும் கழுத்தும் எவ்வளவு தாங்கும் என்பது அந்தத் தராசின் கணக்கில் வருவதில்லை. டெவன் அம்மையார் செய்தது தராசைச் சுமப்பவரின் பக்கம் திருப்பியதுதான்.

மலையகத்திலும் அதைச் செய்ய முனைந்தவர்கள் இருந்தார்கள். பத்திரிகையாளரான கோ. நடேசய்யர் 1931 இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டினார். கழுதையால் கேட்க முடியாது. அதற்காக ஒருவர் கேட்டார். தோட்டத்துப் பெண்ணுக்கு வாயுண்டு. தலைமுறை தலைமுறையாக அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று விதிப்பவர்கள், ஓர் உடல் இத்தனை கிலோதான் சுமக்கலாம் என்பதையும் அதே தாளில் எழுதட்டும். பிளக்பூல் நகரசபை 1942 இலேயே கழுதைகளுக்கு விதி எழுதிவிட்டது.