மாமல்லபுரம் சிற்பிகளுக்கு அரசு உதவி: 18 வயசுக்கு ஒரு திட்டம், 35 வயசுக்கு ஒரு திட்டம்... உங்களுக்கு எது? முழு விவரம்

மாமல்லபுரத்துல ஐந்து ரதம் போற ரோட்டில் நடந்தாலே உளிச் சத்தமும் கட்டிங் மெஷின் சத்தமும் சேர்ந்து கேட்கும். உலகம் முழுக்க இருக்கும் கோயில்களுக்கு இங்கிருந்துதான் சிலைகள் போகின்றன. 1984-ல் இங்குள்ள பல்லவர் காலச் சின்னங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2015-ல் உலகக் கைவினைக் கவுன்சில் மாமல்லபுரத்தை 'உலகக் கற்சிற்ப நகரம்' என அறிவித்தது. 2017-ல் இங்குள்ள கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் பட்டறையில் வேலை பார்க்கும் சிற்பிக்கு அரசிடமிருந்து என்ன கிடைக்கும்? கடன், மானியம், பயிற்சி, உதவித்தொகை, பென்ஷன் என மத்திய, மாநில அரசுகளிடம் பல திட்டங்கள் இருக்கின்றன. பிரச்னை என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் வயது வரம்பு வேற, ஆபீஸ் வேற, நிபந்தனை வேற. யாருக்கு எது பொருந்தும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படிக்கணும்னா எங்கே போகலாம்?

சிற்பக்கலையை டிகிரியாகவே படிக்கலாம். மாமல்லபுரத்தில் உள்ள அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, 1957-ல் சிற்பப் பயிற்சி மையமாகத் தொடங்கப்பட்டது. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்ட 133 அடி திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய வை.கணபதி ஸ்தபதி, பல ஆண்டுகள் இதன் முதல்வராக இருந்தவர். 2009-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் இந்தக் கல்லூரியில், பிளஸ் 2 முடித்தவர்கள் 4 ஆண்டுப் பட்டப்படிப்புகளில் சேரலாம்.

- மரபுக் கட்டடக்கலை: பி.டெக் பட்டம். கோயில் கட்டுமானம்தான் இதன் மையம்.
- மரபுச் சிற்பக்கலை: பி.எஃப்.ஏ பட்டம். கல், சுதை, உலோகம், மரம் எனப் பிரிவுகள் உண்டு.
- மரபு ஓவியம்: இதுவும் பி.எஃப்.ஏ பட்டம்தான்.

தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டம் வழங்கப்படுகிறது. படித்து முடித்தவர்கள் சொந்தப் பட்டறை வைக்கலாம், கோயில் திருப்பணி ஒப்பந்தங்களில் வேலை பார்க்கலாம். இந்து சமய அறநிலையத் துறையிலும் ஸ்தபதி பணியிடங்கள் உண்டு. ஆனால் அரசு வேலை என்று பார்த்தால் இடங்கள் குறைவு. பெரும்பாலானோருக்குச் சொந்தத் தொழில்தான் வழி. அதனால்தான் கடன் திட்டங்கள் இவ்வளவு முக்கியமாகின்றன.

பி.எம். விஸ்வகர்மா: என்ன கிடைக்கும்?

மத்திய அரசின் இந்தத் திட்டம் 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கப்பட்டது. 5 ஆண்டுகளுக்கு ரூ.13,000 கோடி ஒதுக்கீடு. மொத்தம் 18 தொழில்கள். சிற்பி, கல் செதுக்குபவர், கல் உடைப்பவர் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருகிறார்கள்.

- வயது: குறைந்தது 18.
- அடையாளம்: விஸ்வகர்மா சான்றிதழ், அடையாள அட்டை.
- பயிற்சி: 5 முதல் 7 நாள் அடிப்படைப் பயிற்சி. விரும்பினால் 15 நாள் அல்லது அதற்கு மேல் உயர்நிலைப் பயிற்சி. நாளொன்றுக்கு ரூ.500 உதவித்தொகை.
- கருவிகள்: வாங்க ரூ.15,000 மதிப்பில் இ-வவுச்சர்.
- கடன்: பிணை இல்லாமல் முதலில் ரூ.1 லட்சம் (18 மாதத்தில் கட்டணும்), அடுத்து ரூ.2 லட்சம் (30 மாதம்). வட்டி 5%.

ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே சேர முடியும். அரசு ஊழியர்களும் அவர்களது குடும்பத்தினரும் சேர முடியாது. கடந்த 5 ஆண்டுகளில் இதேபோன்ற சுயதொழில் கடன் வாங்கியவர்களுக்கும் கிடையாது. முத்ரா, ஸ்வநிதி கடனை முழுசா அடைத்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அப்போ தமிழ்நாட்டில் ஏன் சிக்கல்?

கையாலும் கருவியாலும் 'குடும்பம் சார்ந்த பாரம்பரியத் தொழிலில்' ஈடுபடுபவராக இருக்க வேண்டும் என்கிறது பி.எம். விஸ்வகர்மா திட்டம். அப்பா செய்த தொழிலையே மகனும் செய்யணும் என்று குலத்தொழிலை ஊக்குவிப்பது போல இது ஆகிவிடும் என்று தமிழ்நாடு அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. மூன்று மாற்றங்களையும் கேட்டது.

1. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும்.
2. குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 35 ஆக உயர்த்த வேண்டும். படிக்கிற வயசுப் பிள்ளைகள் கல்லூரியை விட்டுவிட்டு உளியைப் பிடித்துவிடக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.
3. கிராமங்களில் பயனாளியைச் சரிபார்க்கும் பொறுப்பை ஊராட்சித் தலைவருக்குப் பதிலாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுக்க வேண்டும்.

இந்த மாற்றங்கள் ஏற்கப்படவில்லை. இதையடுத்து, தற்போதைய வடிவில் இந்தத் திட்டத்தைச் செயல்படுத்த முடியாது என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2024 நவம்பர் 27-ல் மத்திய சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறை அமைச்சர் ஜிதன் ராம் மாஞ்சிக்குக் கடிதம் எழுதினார்.

மறுபக்கம், இது சாதி அடிப்படையிலான திட்டம் இல்லை, குடும்பத்தில் கற்றவர்களோடு குருவிடம் கற்றவர்களுக்கும் இடம் உண்டு என்பது திட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதம்.

கலைஞர் கைவினைத் திட்டம்: மாநில அரசு தருவது என்ன?

மாற்றுத் திட்டமாகத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்ததுதான் கலைஞர் கைவினைத் திட்டம். 2025 ஏப்ரல் 19-ல் காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூரில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். 25 கைவினைத் தொழில்கள் இதில் சேர்க்கப்பட்டுள்ளன.

- வயது: 35 நிறைந்திருக்க வேண்டும்.
- அனுபவம்: அந்தத் தொழிலில் குறைந்தது 5 ஆண்டுகள்.
- கடன்: ரூ.3 லட்சம் வரை.
- மானியம்: 25%. அதிகபட்சம் ரூ.50,000.
- வட்டி மானியம்: 5%.
- குடும்பத் தொழிலா இல்லையா என்பது கேள்வியே இல்லை. தொழில் தெரிந்த யாரும் விண்ணப்பிக்கலாம்.

கணக்கை சிம்பிளா பார்ப்போம். ரூ.2 லட்சம் கடன் வாங்கினால் 25% என்பது ரூ.50,000. உச்சவரம்பு அதோடு முடிந்தது. ரூ.3 லட்சம் வாங்கினால் 25% என்பது ரூ.75,000 ஆகும். ஆனால் கிடைப்பது ரூ.50,000 மட்டும்தான். தேவைக்கு மேல் கடன் வாங்கினால் மானியம் கூடாது, கட்ட வேண்டிய தொகைதான் கூடும். உதாரணத்துக்கு, வங்கி 11% வட்டி போட்டால், 5% மானியம் போக 6% உங்கள் கையிலிருந்து போகும்.

இரண்டு திட்டங்களிலும் கடன் உச்சவரம்பு ரூ.3 லட்சம்தான். மத்தியத் திட்டத்தில் பயிற்சிப் பணம், கருவி வவுச்சர், நிலையான குறைந்த வட்டி கிடைக்கும். மாநிலத் திட்டத்தில் திருப்பிக் கட்டத் தேவையில்லாத ரூ.50,000 கிடைக்கும்.

35 வயசுக்குக் கீழ இருந்தா என்ன செய்யறது?

இங்கதான் இளம் சிற்பிகளுக்கு உண்மையான சிக்கல். 22 வயதில் பட்டறை தொடங்க நினைக்கும் ஒருவருக்கு மாநிலத் திட்டத்தில் வயது பத்தாது. மத்தியத் திட்டத்தில் வயது சரியாக இருந்தாலும் மாநில அரசின் ஒத்துழைப்பு இல்லாமல் விண்ணப்பம் நகராது. பயனாளியைச் சரிபார்க்கும் 3 கட்டங்களில் முதல் இரண்டும் உள்ளாட்சி, மாவட்டக் குழு அளவில்தான் நடக்கின்றன. இப்படி இடையில் மாட்டியவர்களுக்கு உள்ள வழிகள்:

- வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்: இதுவும் மாநில அரசுத் திட்டம்தான். ரூ.15 லட்சம் வரையிலான தொழில்களுக்கு 25% மானியம், அதிகபட்சம் ரூ.3.75 லட்சம். 18 வயது நிறைந்தால் போதும். மேல் வயது வரம்பு, கல்வித் தகுதி பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.
- இளம் கலைஞர் உதவித்தொகை: மத்திய கலாசார அமைச்சகம் தருவது. 18 முதல் 25 வயது வரை. மாதம் ரூ.5,000 வீதம் 2 ஆண்டுகள். சிற்பம், ஓவியம் எல்லாம் இதில் வரும். குருவிடமோ கல்வி நிறுவனத்திலோ குறைந்தது 5 ஆண்டுகள் கற்றிருக்க வேண்டும்.
- ஃபெல்லோஷிப்: இதுவும் கலாசார அமைச்சகம்தான். 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் ரூ.10,000, 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாதம் ரூ.20,000, இரண்டு ஆண்டுகளுக்கு. ஆனால் இது ஆய்வுப் பணிக்கானது. என்ன ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கணும்.

கூலிக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு?

கடன் திட்டங்கள் பெரும்பாலும் சொந்தமாகத் தொழில் செய்பவர்களை மனதில் வைத்தவை. ஒரு பட்டறையில் கல் வெட்டுபவர், பாலிஷ் போடுபவர், சிலையை லாரியில் ஏற்றுபவர் என நாள் கூலிக்கு வேலை செய்பவர்களுக்குக் கடனைவிட அடையாளம்தான் முதல் தேவை.

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் 'பெஹ்சான்' என்ற கைவினைஞர் அடையாள அட்டை தருகிறது. அரசு கண்காட்சிகளில் ஸ்டால், பயிற்சி முகாம், மத்திய அரசின் கைவினைத் திட்டங்கள் எதற்குப் போனாலும் முதலில் கேட்பது இந்த அட்டையைத்தான். கூடவே, 16 முதல் 59 வயது வரையிலான அமைப்புசாராத் தொழிலாளர்கள் இ-ஷ்ரம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம்.

தெருக்கூத்து, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு என்ன?

செங்கல்பட்டு மாவட்டம் சிற்பத்துக்கு மட்டுமில்லை, தெருக்கூத்துக்கும் பேர் போன பகுதி. இந்தக் கலைஞர்கள் 2007-ல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேரலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், இறப்பு உள்ளிட்ட செலவுகளுக்கு வாரியம் உதவித்தொகை தருகிறது.

மாவட்டக் கலை மன்றம் வயது வாரியாக 5 விருதுகளும் வழங்குகிறது. 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலை சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. இதற்கான விவரங்களைக் காஞ்சிபுரத்தில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் பெறலாம். செங்கல்பட்டு தனி மாவட்டமாக 2019 நவம்பர் 29-ல் உருவானாலும், இந்த வேலைக்குக் காஞ்சிபுரம்தான் போகணும்.

வயசான பிறகு பென்ஷன் உண்டா?

உண்டு. ஆனால் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

- மாநில அரசு: நலிந்த நிலையில் உள்ள மூத்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மூலம் மாதம் ரூ.3,000.
- மத்திய கலாசார அமைச்சகம்: 60 வயதைக் கடந்த, ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் உள்ள மூத்த கலைஞர்களுக்கு மாதம் ரூ.6,000 வரை.
- மத்திய ஜவுளி அமைச்சகம்: வறுமையில் உள்ள, 60 வயதைத் தாண்டிய விருதுபெற்ற கைவினைஞர்களுக்கு மாதம் ரூ.5,000.

கடைசித் திட்டத்தைக் கவனியுங்கள். விருது வாங்கியிருந்தால்தான் பென்ஷன். அதனால் சிறு வயதிலேயே பூம்புகார் நிறுவனத்தின் மாநில விருது, மத்திய அரசின் தேசிய விருது ஆகியவற்றுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருப்பது பிற்காலத்துக்கு நல்லது.

புவிசார் குறியீட்டால் சிற்பிக்கு என்ன லாபம்?

மாமல்லபுரம் கற்சிற்பம் என்ற பெயரை வேறு ஊரில் செய்த சிலைக்கு யாரும் பயன்படுத்த முடியாது. ஆனால் குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சிற்பியும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் நம்ம சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.

கடனைவிட முக்கியமான ஒரு விஷயம்

கருங்கல்லில் சிலிக்கா இருக்கிறது. கை உளியால் செதுக்கியபோது இருந்ததைவிட, மெஷினால் அறுக்கும்போது பறக்கும் தூசு மிக அதிகம். இந்தத் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோயை முழுமையாகக் குணப்படுத்த முடியாது. தடுப்பது மட்டுமே வழி. முகத்தில் துண்டு கட்டினால் போதாது, தூசை வடிகட்டும் மாஸ்க் வேண்டும். கல்லில் தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு பெருமளவு குறையும். இருமல், மூச்சுத்திணறல் தொடர்ந்தால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, கல் வேலை செய்வதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சட்டப்படி சிலிகோசிஸ் தொழில்சார் நோயாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. மருத்துவச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது அவசியம்.

வெளிநாடுகளில் எப்படி?

கலைஞருக்கு அரசு கடன் தருவது ஒரு முறை. சம்பளமே தருவது இன்னொரு முறை. பொருளாதார மந்தநிலையின்போது அமெரிக்கா 1935-ல் ஃபெடரல் ஆர்ட் புராஜெக்ட் என்ற திட்டத்தைத் தொடங்கி, ஓவியர்களையும் சிற்பிகளையும் சம்பளத்துக்கு எடுத்தது. 1973-ல் வந்த வேலைவாய்ப்பு, பயிற்சிச் சட்டத்தின் கீழும் அங்கே சுமார் 10,000 கலைஞர்களுக்கு வேலை கிடைத்தது. அயர்லாந்து 2022-ல் 2,000 கலைஞர்களைத் தேர்வு செய்து வாரம் 325 யூரோ தரும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது.

நம்ம ஊரில் இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. மாமல்லபுரம் போகும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966-ல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கினார்கள். அரசை நம்பாமல், பத்திக் போன்ற கைவினைப் பொருட்களை விற்று வந்த பணத்தில் வாழ்ந்துகொண்டே ஓவியம் வரைந்தார்கள்.

எங்கே விண்ணப்பிக்கணும்?

- கலைஞர் கைவினைத் திட்டம், இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டம்: செங்கல்பட்டு மாவட்டத் தொழில் மையம்.
- பெஹ்சான் அட்டை: கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தின் சேவை மையம்.
- பி.எம். விஸ்வகர்மா, இ-ஷ்ரம்: பொது சேவை மையங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், போட்டோ ஆகியவற்றை ரெடியாக வைத்துக்கொள்ளுங்கள். செய்த சிலைகளின் போட்டோ, பில், ஆர்டர் ரசீது இருந்தால் அனுபவத்தைக் காட்ட உதவும். கடன் வாங்கித் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். இதில் எந்தத் திட்டத்துக்கும் புரோக்கர் தேவையில்லை. விண்ணப்பிக்கும் முன்பு வயது வரம்பு, மானியத் தொகை ஆகியவற்றில் மாற்றம் வந்திருக்கிறதா என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.