1957-க்குள் நுழைந்த 1982

1957 செவ்ரோலே பெல் ஏரைப் பார்த்தவர்கள் அதன் பின்பக்க இறக்கைகளைப் பற்றிப் பேசுவார்கள். அதை நெடுந்தூரம் ஓட்டியவர்கள் சத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள். குறை வி8 எஞ்சினில் இல்லை. எஞ்சினுக்குப் பின்னால் பூட்டியிருக்கும் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இரண்டே கியர்கள்: முதலாவது 1.82, இரண்டாவது ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் ஏற வழியில்லை. பின் அச்சின் விகிதம் 3.36 என்றால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,600 சுற்று சுற்றியாக வேண்டும். பத்து நிமிடம் அது கம்பீரமாக இருக்கும். மூன்று மணி நேரம் கேட்டால் தலைவலிதான்.

அதற்காகப் பவர்கிளைடை மட்டம் தட்டுவது நியாயமில்லை. 1950-இல் அது வந்தபோது, விலை குறைந்த அமெரிக்கக் கார்களில் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கிடைத்தது அதுவே முதல்முறை. பெட்ரோல் மலிவாக இருந்த காலம். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 1973 வரை அது தயாரிப்பில் இருந்தது.

அதே 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பங்க்குகளில் வரிசை நீண்டது. இரண்டு ஆண்டுகளில் ஒரு சட்டம் வந்தது: ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் சராசரியாக ஒரு காலனுக்கு 1978-இல் 18 மைலும், 1985-இல் 27.5 மைலும் கொடுத்தாக வேண்டும். பெரிய கார் செய்தே பழகிய, செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்கு இது இடி. எஞ்சினைச் சின்னதாக்கினார்கள், உடலை இளைக்க வைத்தார்கள். கடைசியில் கியர்பாக்ஸுக்கும் வந்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 700ஆர்4. 1982 மாடல் செவ்ரோலே கார்வெட்டிலும் கேப்ரிஸிலும் அது வெளிவந்தது. ஒஹாயோ மாநிலத்து டொலீடோ ஆலையில் வார்ப்பு அலுமினிய உடலோடு உருவானது. கியர்கள் நான்கு: 3.06, 1.63, 1.00, 0.70. கடைசி எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. எஞ்சின் 70 சுற்று சுற்றினால், பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் 100 சுற்றும். ஓவர்டிரைவ் என்பது இதைத்தான். கூடவே, எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் ஒரு கிளட்ச். எண்ணெய் வழியாக நழுவி நழுவிச் சுற்றும் கன்வர்ட்டரைச் சீரான ஓட்டத்தில் இது இறுக்கிப் பூட்டிவிடும். நழுவல் நின்றால் சூடும் குறையும், பெட்ரோலும் மிச்சம்.

தொடக்கத்தில் அதற்கு நல்ல பெயர் இல்லை. ஆரம்ப ஆண்டுப் பெட்டிகள் அடிக்கடி பழுதாகிப் பட்டறைக்கு வந்தன. உள்ளிருக்கும் பாகங்களை ஆண்டுக்கு ஆண்டு திருத்தினார்கள். 1987-க்குப் பிந்தைய பெட்டி என்றால் இன்றும் மெக்கானிக்குகள் நம்பிக் கை வைப்பார்கள். 1990-இல் அதன் பெயரை 4எல்60 என்று மாற்றினார்கள். சில ஆண்டுகளில் கணினி சொல்படி கியர் மாற்றும் 4எல்60ஈ வந்து அதன் இடத்தைப் பிடித்தது. டாக்ஸியாகவும் போலீஸ் வண்டியாகவும் உழைத்து ஓய்ந்த கேப்ரிஸ்கள் உடைப்புக் களங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பெட்டியின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. காரணம், செவ்ரோலே 1955-இல் எடுத்த ஒரு முடிவு. அந்த ஆண்டு வந்த சின்ன வி8 எஞ்சினின் பின்புறத்தில் கியர்பாக்ஸை மாட்ட எந்த இடங்களில் போல்ட் துளை போட்டார்களோ, அதே இடங்களில்தான் பல பத்தாண்டுகள் போட்டுவந்தார்கள். ஆகவே 1957-இன் எஞ்சினும் 1987-இன் கியர்பாக்ஸும் முன்பின் பார்த்திராவிட்டாலும் பொருந்திப்போகும். பழைய காரைப் பழைய முகத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் உடைப்புக் களத்தில் இந்தப் பெட்டியைத் தேடிப்போனது இதனால்தான். கணினி கேட்காத பெட்டி, ஸ்பீடோமீட்டருக்குப் பழைய மாதிரிக் கேபிளையே ஏற்கும் பெட்டி. 1955 முதல் செவ்ரோலேயின் மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறியிருந்ததால், கன்வர்ட்டர் பூட்டுக்கு வேண்டிய மின்சாரமும் காரிலேயே தயாராக இருந்தது.

துளை பொருந்தினால் வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் அடுத்த நாளே உண்மையைத் தெரிந்துகொள்வார்கள். 1957 காரில் கியர்பாக்ஸுக்கு அடியில் தாங்கும் குறுக்குச் சட்டமே கிடையாது. எஞ்சினின் முன்பக்கமும், பழைய பெட்டி எஞ்சினோடு சேரும் உறையான பெல் ஹவுசிங்கின் இருபுறமும்தான் பாரத்தைச் சுமந்தன. 700ஆர்4-இன் பெல் ஹவுசிங் பெட்டியோடு ஒரே வார்ப்பு. பக்கத்தில் பிடிக்கக் காது இல்லை. எனவே பெட்டிக்கு அடியில் புதுக் குறுக்குச் சட்டம் வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் பழைய பெல் ஹவுசிங்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் இடம் பார்க்க வேண்டும். எஞ்சினையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் இன்னொரு பொறி: 1986-க்குப் பிந்தைய எஞ்சினிலிருந்து கழற்றிய தட்டு 1957-இன் கிராங்க் ஷாஃப்ட்டில் உட்காராது, போல்ட் வட்டம் வேறு. புதுப் பெட்டி நீளம் என்பதால் புரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைத்து, மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர் வரிசையும் ஒத்துவராது. பழையதில் ரிவர்ஸ் கடைக்கோடியில், லோவுக்கு அப்பால் இருக்கும். புதியதில் பார்க்கிங்கை அடுத்தே வரும். லீவரின் இணைப்பை மாற்றாமல் பழக்கத்தில் தள்ளினால் கார் எதிர்த்திசையில் கிளம்பும்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது ஒரு மெல்லிய கேபிள். மெக்கானிக்குகள் அதை டி.வி. கேபிள் என்பார்கள், தொலைக்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, த்ராட்டில் வால்வ் என்பதன் சுருக்கம். ஒரு முனை கார்புரேட்டரில், மறுமுனை கியர்பாக்ஸுக்குள். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை அது பெட்டிக்குச் சொல்லும். அதற்கேற்ப எண்ணெய் அழுத்தம் கூடும், கிளட்சுகள் இறுகும். 1980-களின் கார்புரேட்டரில் அந்தக் கேபிளின் கோணம் அளந்து வைத்தது. பழைய கார்புரேட்டரில் அதை ஏதோ ஒரு கம்பியில் கொக்கி மாட்டினால், கால் முழுதாக மிதித்திருக்கும்போதும் பெட்டிக்குப் பாதிதான் போய்ச் சேரும். அழுத்தம் குறைந்து கிளட்சுகள் நழுவும், நழுவியவை கருகும். பழுதுபார்த்துப் புதிதாக்கிய பெட்டியும் சில கிலோமீட்டரில் செத்துப்போகலாம். பழி பெட்டியின் மேல் விழும். தவறு கேபிளில் இருக்கும்.

கன்வர்ட்டர் பூட்டிலும் இதே மாதிரி ஒரு நுணுக்கம். பிரேக் மிதித்தவுடன் பூட்டு விடுபட வேண்டும். அதற்காக அதன் மின்கம்பியைப் பிரேக் சுவிட்ச் வழியாக இழுப்பார்கள். மறந்துவிட்டால், கார் நிற்கும்போது எஞ்சினும் கூடவே அணைந்துபோகும்.

எல்லாம் சரியாக அமைந்தால் பலன் உடனே தெரியும். முதல் கியர் பவர்கிளைடைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் இழுவை கொடுப்பதால் சிக்னலில் கார் துள்ளி எழும். அதே 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுமார் 1,800 சுற்றில் அமைதியாக ஓடும். பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம்.

கைவிட்டுப் போவதும் ஒன்று உண்டு. 1957-இன் பவர்கிளைடில் பின்புறம் ஒரு சிறு எண்ணெய் பம்ப் இருந்தது. பேட்டரி இறந்துபோனால் காரைத் தள்ளி ஓடவிட்டு எஞ்சினைக் கிளப்பிவிடலாம். 700ஆர்4-இல் அந்தப் பம்ப் இல்லை; எவ்வளவு தள்ளினாலும் எஞ்சின் திரும்பாது. புதியதில் வசதி கூடியது, பழையதன் ஒரு கெட்டிக்காரத்தனம் போயிற்று.

இந்த மாற்றம் சரியா என்று கேட்டால், சேசிஸை வெட்டாமல், போல்ட்டில் மட்டும் மாட்டும்வரை சரி என்பேன். ஓட்டாமல் மூடிவைத்த காரைவிட, கியர்பாக்ஸ் மாற்றி ஓடுகிற கார் மேல். ஆனால் கழற்றிய பவர்கிளைடை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, துளைகளை அடைத்து, கொட்டகை மூலையில் வையுங்கள். இந்தக் கார் அடுத்து யார் கைக்குப் போகிறதோ, அவருக்கு 1957 முழுதாக வேண்டியிருக்கலாம்.