தீவன மூட்டைக்கும் சட்டம் உண்டு



மாடு வளர்த்து, பால் விற்று, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களில் பல உண்டு. புல்லும் தவிடும் கழுநீரும் மாட்டுக்குப் போதுமாக இருந்த காலத்தில், அது தின்பதை நாம் கண்ணால் பார்த்தோம். கடையில் வாங்கும் தீவன மூட்டை அப்படிப்பட்டதல்ல. அரைத்துக் கலந்து வரும் தூளில் என்னென்ன இருக்கின்றன என்று கண்ணால் சொல்ல முடியாது. விற்பவர் சொல்லை நம்பித்தான் வாங்குகிறோம். அந்தச் சொல்லுக்கு அவரைப் பொறுப்பாளியாக்குவதே தீவனச் சட்டம். அது எவ்வாறு பிறந்து வளர்ந்தது என்பதை இன்று காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் விவசாயிகள் மாடுகளுக்கு ஆளிவிதைப் புண்ணாக்கை விலை கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். தேவை பெருகியதும் கலப்படமும் பெருகியது. மணலும் களை விதைகளும் சேர்ந்த புண்ணாக்கு நல்ல புண்ணாக்கின் பெயரில் விற்கப்பட்டது. ஆமணக்கு கலந்ததைத் தின்ற மாடுகள் இறந்தும் போயின. அந்நாட்டு அரச வேளாண்மைச் சங்கத்தின் வேதியியல் ஆலோசகராக இருந்த ஆகஸ்டஸ் வோல்க்கர் என்பவர், உறுப்பினர்கள் அனுப்பிய புண்ணாக்கைச் சோதித்து இத்தகைய மோசடிகளை வெளிப்படுத்தினார்.

முடிவில் 1893 ஆம் ஆண்டு உரம், தீவனம் இரண்டுக்குமாக ஒரு சட்டம் வந்தது. தயாரித்த தீவனத்தை விற்பவர், அதன் பெயரையும், அது ஒரே பொருளால் ஆனதா, பல பொருள்கள் கலந்ததா என்பதையும் விற்பனைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். வாங்கியவருக்குச் சந்தேகம் எழுந்தால் மாவட்டச் சோதனையாளரிடம் மாதிரியைக் கொடுத்துச் சோதிக்கலாம். வாய்ச்சொல்லாக இருந்தது எழுத்துச் சான்றாயிற்று. ஆயினும் இச்சட்டம் முதன்மையாகக் காத்தது விவசாயியின் பணப்பையைத்தான். மாட்டின் வழியாக மனிதனுக்கு வரக்கூடிய கேட்டை அது எண்ணிப் பார்க்கவில்லை.

1960 இல் அதே இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. காரணம் புரியாததால் அதற்கு ‘எக்ஸ் நோய்’ என்று பெயரிட்டார்கள். ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் குற்றம் இருப்பது தெரிந்தது. அதில் யாரும் எதையும் கலக்கவில்லை. ஈரத்தில் படிந்த பூஞ்சணமே நஞ்சைச் சுரந்திருந்தது. அந்த நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர். அது ஈரலைக் கெடுக்கும். மனிதருக்கு ஈரல் புற்றுநோயையும் உண்டாக்கும். நஞ்சேறிய தீவனத்தைத் தின்ற பசுவின் பாலிலும் அதன் ஒரு வடிவம் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது முழுவதும் போவதில்லை. ஆகவே பல நாடுகள் தீவனத்தில் இந்த நஞ்சு எவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு விதித்தன. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பாலுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் உள்ள உறவு அப்போது தெளிவாயிற்று.

மூன்றாவது பாடம் இன்னும் கொடியது. இறந்த விலங்குகளின் இறைச்சியையும் எலும்பையும் தூளாக்கி, புரதச் சத்துக்காக மாட்டுத் தீவனத்தில் சேர்த்து வந்தார்கள். புல் தின்னும் பிராணி தன் இனத்தின் எலும்பையே தின்றது. 1986 நவம்பரில் ‘பைத்திய மாட்டு நோய்’ இங்கிலாந்தில் அடையாளம் காணப்பட்டது. 1988 ஜூலையில், அசைபோடும் விலங்குகளின் புரதத்தை அவற்றுக்கே தீனியாகக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. ஆனால் பன்றிக்கும் கோழிக்கும் அந்தத் தூள் தொடர்ந்து போனது. ஒரே ஆலையில் இரண்டும் அரைக்கப்பட்டதால், ஒன்றின் மிச்சம் மற்றொன்றில் கலந்தது. தடைக்குப் பின் பிறந்த மாடுகளிலும் 40,000த்துக்கு மேல் நோய் கண்டன. 1996 மார்ச்சில், இந்நோய் மனிதருக்கும் பரவியிருக்கலாம் என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டில்தான் பாலூட்டிகளின் இறைச்சி எலும்புத் தூள் பண்ணை விலங்குகள் அனைத்துக்கும் தடை செய்யப்பட்டது. அந்நாட்டில் மட்டும் 178 பேர் அந்த மூளை நோயால் மாண்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான் இது.

நம் மலேசியாவின் தீவனச் சட்டம் 2009 ஆம் ஆண்டினது. 698 ஆம் எண் கொண்டது. தீவனத்தின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு ஆகிய நான்கையும் அது கட்டுப்படுத்துகிறது. தீவனம் விலங்குக்குச் சத்துத் தர வேண்டும், தீங்கு செய்யக் கூடாது, அதிலிருந்து கிடைக்கும் உணவு மனிதருக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மேலே கண்ட பாடங்கள் அனைத்தும் இந்த நோக்கத்தில் அடங்கியிருப்பதைக் காணலாம். இது நமக்குத் தூரத்துச் செய்தியல்ல. நாம் வெட்டும் செம்பனைக் குலையின் பருப்பிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கு, வெளிநாட்டு மாடுகளுக்கும் தீனியாகக் கப்பலேறுகிறது.

சட்டம் ஆலை வாசலிலும் துறைமுகத்திலும் காவல் நிற்கலாம். நம் கொட்டகைக்குள் காவல் நிற்க வேண்டியவர்கள் நாம்தான். பெயரும் விவரமும் அச்சிட்ட, தையல் பிரியாத மூட்டையையே வாங்குவோம். ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவோம். மூட்டையை ஈரத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்போம். பூஞ்சணம் பூத்த புண்ணாக்கை, காசு கொடுத்து வாங்கினோமே என்று பாராமல் ஒதுக்கிவிடுவோம். மாட்டுக்கு நாம் வைப்பது மறுநாள் காலை நம் பிள்ளையின் குவளைக்கு வருகிறது என்பதை மறவாதிருப்போம்.