கூடைப்பந்து: மகளிர் கல்லூரி அணிகளின் ரீபவுண்டுத் திறனை மதிப்பிடுதல்

கூடையை நோக்கி எறியப்பட்டு உள்ளே விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதற்கு ரீபவுண்டு என்று பெயர். எறிந்த அணியே அதை மீண்டும் பிடித்தால் தாக்குதல் ரீபவுண்டு என்றும், எதிரணி பிடித்தால் தற்காப்பு ரீபவுண்டு என்றும் கணக்கேட்டில் பதிவாகும். எவர் கைக்கும் அகப்படாமல் எல்லைக்கோட்டைத் தாண்டும் பந்து ஆட்டக்காரி எவர் பெயரிலும் சேராமல் அணியின் பொதுக்கணக்கில் வரவு வைக்கப்படுவதால், தனித்தனி எண்களைக் கூட்டிப் பார்த்து அணியின் மொத்தம் வரவில்லையே என்று வாசகர் திகைக்க வேண்டியதில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்மித் கல்லூரியில் 1892இல் சென்டா பெரன்சன் என்னும் ஆசிரியை இவ்விளையாட்டைப் பெண்களுக்குப் பயிற்றுவிக்கத் தொடங்கியபோது, களத்தை மூன்று பிரிவுகளாக வகுத்து, ஒரு பிரிவில் நிற்பவள் அடுத்ததற்குச் செல்லலாகாதென்றும், பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாதென்றும் விதி செய்தார். அத்தகைய ஆட்டத்தில் அணி முழுவதும் ஒருங்கே பந்தை மீட்க முனைவதற்கு இடமில்லை. அமெரிக்க மகளிர் கல்லூரி ஆட்டத்தில் ஐவரும் முழுக்களத்தில் ஓடியாடும் முறை 1971இல் ஏற்கப்பட்ட பின்னரே, ரீபவுண்டு என்பது அணியின் கூட்டுச் சாமர்த்தியமாக அளக்கத் தக்கதாயிற்று.

வழக்கமாகக் கையாளப்படும் அளவை வித்தியாசக் கணக்கு. அதாவது, ஓர் அணி ஆட்டமொன்றுக்குச் சராசரியாக எடுக்கும் ரீபவுண்டுகளிலிருந்து எதிரணிகள் எடுப்பவற்றைக் கழித்து வரும் எண். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பும் இதைக் கொண்டு அணிகளை வரிசைப்படுத்தி வருகிறது. எளிமை ஒன்றே இதன் பெருமை என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். சமமான மீட்புத் திறனுள்ள இரண்டு அணிகளைக் கற்பனை செய்வோம்: இரண்டுமே தாம் காக்கும் கூடையடியில் திரும்பும் பந்துகளில் நூற்றுக்கு 70ஐப் பிடிப்பவை. முதல் அணி 20 எறிதல்களையும் இரண்டாவது 40 எறிதல்களையும் தவறவிட்டால், முதலாவதற்கு 28 தற்காப்பும் 6 தாக்குதலுமாக 34 ரீபவுண்டுகளும், மற்றதற்கு 14 தற்காப்பும் 12 தாக்குதலுமாக 26 ரீபவுண்டுகளும் கிடைக்கும். மீட்புத் திறனில் அணுவளவும் வேற்றுமையில்லாதிருக்க, ஏடு மட்டும் எட்டு அதிகம் என்று சாட்சி சொல்கிறது. உண்மையில் அந்த எட்டு, குறி தவறாமல் எறிந்ததற்கும் எதிரியைக் குறி தவறச் செய்ததற்கும் உரிய கூலியே.

ஆகவே, கிடைக்கக்கூடிய பந்துகளில் எத்தனை பங்கைக் கைப்பற்றினார்கள் என்னும் விகிதாசாரமே நியாயமான பிரமாணம். அணியின் தாக்குதல் ரீபவுண்டுகளை, அவற்றோடு எதிரணியின் தற்காப்பு ரீபவுண்டுகளைக் கூட்டிய தொகையால் வகுத்தால் தாக்குதல் விகிதம் கிட்டும். தற்காப்பு விகிதமும் அவ்வாறே. ஆட்டத்தின் வேகம், எறிதல்களின் எண்ணிக்கை முதலிய புறக்காரணங்கள் இக்கணக்கில் பெரும்பாலும் கரைந்துபோகின்றன. வெற்றியை நிர்ணயிக்கும் நான்கு அம்சங்களை வகுத்த புள்ளியியலாளர் டீன் ஆலிவரும், எறிதல் திறனுக்கும் பந்தைப் பறிகொடாமைக்கும் அடுத்த ஸ்தானத்தில் ரீபவுண்டை வைத்தபோது, விகிதத்தையே கையாண்டார்.

2022 ஏப்ரல் 3ஆம் தேதி மினியாபொலிஸ் நகரில் நடந்த தேசிய இறுதியாட்டம் இதற்குச் சிறந்த உதாரணம். டான் ஸ்டேலி பயிற்றுவித்த தென் கரோலினா அணி, கனெக்டிகட் அணியை 64-49 என்று வென்றது. ரீபவுண்டுக் கணக்கோ 49-24. இருபத்தைந்து என்னும் வித்தியாசமே வியப்பூட்டுவதுதான். ஆயினும் அதைப் பிரித்துப் பார்த்தால்தான் முழுவிஷயமும் புலப்படும். தென் கரோலினாவின் கூடைமுயற்சிகளில் தவறித் திரும்பிய 39 பந்துகளில் 21ஐ அவர்களே மீட்டனர். அதாவது நூற்றுக்கு 54. தாக்கும் அணிக்குப் பத்தில் மூன்று கிடைப்பதே சாதாரணமென்றிருக்க, தற்காப்போர் நிற்கும் கூடையடியிலேயே பாதிக்கு மேற்பட்ட பந்துகளை எடுத்தது விசேஷமான காரியம். மறுபுறத்தில் கனெக்டிகட்டுக்குரிய அத்தகைய 34 பந்துகளில் அந்த அணி மீட்டவை 6 மாத்திரமே, ஏறத்தாழ நூற்றுக்கு 18. அலியா பாஸ்டன் ஒருத்தியே அன்று 16 ரீபவுண்டுகள் எடுத்தார்.

தனிநபர் எண்களைக் கொண்டு அணியை எடைபோடுவதில் எச்சரிக்கை தேவை. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் கோர்ட்னி பாரிஸ் 2009இல் முடிவுற்ற தம் நான்கு பருவங்களில் 2,034 ரீபவுண்டுகள் எடுத்துச் சாதனை படைத்தவர். அவ்வளவு பெருந்தொகையும்கூட, அவர் இல்லாதிருந்தால் அந்தப் பந்துகளில் எத்தனை தோழியரிடம் சென்றிருக்கும் என்பதைச் சொல்வதில்லை. எதிராளியை முதுகால் தடுத்து நிறுத்திக் கூடையடியை விட்டு அகற்றும் ஆட்டக்காரி பந்தைத் தொடாமலே போகலாம். பாக்ஸ் அவுட் எனப்படும் அவளுடைய உழைப்பு கணக்கேட்டில் ஒரு வரியும் பெறாது, பக்கத்தில் நின்று பந்தைப் பிடித்தவளுக்கே புகழ் சேரும். இக்குறையை நீக்கவே பயிற்சியாளர்கள் ஆட்டத்தின் ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எறிதல்தோறும் யார் யாரைத் தடுத்தார்கள் என்று குறிக்கிறார்கள்.

தாழ்ந்த தாக்குதல் விகிதம் எப்போதும் பலவீனத்தின் அடையாளமன்று. எதிரணியின் விரைவான எதிர்த்தாக்குதலுக்கு அஞ்சி, பந்து எறியப்பட்டவுடனே மூவரையோ நால்வரையோ பின்னே ஓடச் செய்யும் பயிற்சியாளர், தெரிந்தே சில ரீபவுண்டுகளைக் கைவிடுகிறார். அன்றியும், பருவத்தின் தொடக்கத்தில் எளிய எதிரிகளோடு ஆடிச் சேர்த்த சராசரி, வலிய அணிகள் நிறைந்த தம் கான்ஃபரன்ஸ், அதாவது அணிக்குழு, ஆட்டங்கள் வரும்போது சுருங்கக் காணலாம். 2021-22 பருவத்திலிருந்து மகளிர் ஆட்டத்திலும் மூன்று புள்ளிக் கோடு 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளப்பட்டது. தொலைவிலிருந்து எறியப்படும் பந்து நெடுந்தூரம் தெறிக்க வல்லதாகையால், கூடையடியில் நிற்கும் நெடியவர்களைத் தாண்டிக் கூடைக்குத் தொலைவில் நிற்கும் கார்டு எனப்படும் குட்டையான ஆட்டக்காரிகளிடம் விழும் பந்துகளையும் மதிப்பீட்டாளர் தனியே கவனித்தல் வேண்டும்.